அடக்க விலையா, இன்றைய மதிப்பா? ஒரு கட்டிடம், ஒரு கடன், இரண்டு பேலன்ஸ் ஷீட்

"நான் விற்கவே போறதில்லை. விற்காத பொருளுக்கு எதுக்குப்பா விலை?"

கேட்டவர் கம்பெனியைத் தொடங்கியவர், எழுபது தாண்டியவர். எதிரே உட்கார்ந்திருந்த தம்பி மகன் சிரிக்காமல் சொன்னார்: "கடன் கேட்கப் போகும்போது மட்டும் விலை வேணும்ல பெரியப்பா?"

சென்னையில் ஒரு குடும்ப ரியல் எஸ்டேட் கம்பெனியின் கூட்ட அறை. வரவுசெலவைப் பார்த்துக் கொடுக்கிறவன் என்ற முறையில் நானும் அங்கே இருந்தேன். விவாதம் இதுதான்: சொத்துகளை வாங்கிய விலையிலேயே காட்டுவதா, இன்றைக்கு என்ன போகுமோ அந்த மதிப்பில் காட்டுவதா? கடனை என்ன செய்வது? இரண்டு மணி நேரம் பேசியும் முடியவில்லை. வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கே தெளிவு வந்தது. அதைத்தான் இங்கே பகிர்கிறேன்.

எண்களைச் சுருட்டிச் சொல்கிறேன். பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகக் கட்டிடம், வாடகைக்கு விட்டது. நிலத்துக்கு 10 கோடி, கட்டுமானத்துக்கு 30 கோடி செலவாயிற்று. கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை கான்கிரீட் கட்டிடத்துக்கு 60 வருட ஆயுள் கொடுக்கிறது. வருடத்துக்கு அரைக் கோடி என்று 16 வருடத் தேய்மானம் போக, இன்று புத்தகத்தில் நிற்பது 32 கோடி. செலவெல்லாம் போக வருட வாடகை 8 கோடி வருகிறது. இன்னொரு பக்கம், பின்னால் மனை போட்டு விற்க வாங்கிப் போட்ட நிலம், அடக்கம் 20 கோடி. கடன் என்றால் 45 கோடிக்கு 7% நிலையான வட்டியில் வெளியிட்ட கடன் பத்திரம், அதாவது என்சிடி. இன்னும் 5 வருடம் ஓடும். அது பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது என்பதால், கம்பெனி சின்னதாக இருந்தாலும் இண்ட் ஏஎஸ் என்ற, சர்வதேசத் தரநிலைகளை ஒட்டிய இந்தியக் கணக்குமுறைக்குள் வந்துவிட்டது.

புத்தகப்படி பார்த்தால் சொத்து 52 கோடி, கடன் 45 கோடி, மிச்சம் 7 கோடி. மதிப்பீட்டாளர் சொல்வது வேறு கதை: கட்டிடம் 100 கோடி, நிலம் 35 கோடி, கடன் போக 90 கோடி. ஒரே கம்பெனிதான். ஒரு தாளில் நூலில் தொங்குகிறது, இன்னொரு தாளில் கொழுத்துக் கிடக்கிறது.

சட்டம் விடும் இடம் எவ்வளவு

தம்பி மகன் வெளிநாட்டில் படித்தவர். அவர் கேட்டது, "ஐஎஃப்ஆர்எஸ்ல முதலீட்டுச் சொத்தை நியாய மதிப்பில் காட்டலாமே, நாம் ஏன் காட்டக்கூடாது?" என்று. நல்ல கேள்விதான். ஐஎஃப்ஆர்எஸ் என்பது சர்வதேசக் கணக்குத் தரநிலைகளின் தொகுப்பு. அதில் முதலீட்டுச் சொத்துக்கான, அதாவது வாடகைக்கோ விலை ஏறவோ வைத்திருக்கும் சொத்துக்கான ஐஏஎஸ் 40 இரண்டு வழியையும் அனுமதிக்கிறது. அடக்க விலையில் வைத்துத் தேய்மானம் கழிக்கலாம். அல்லது ஒவ்வொரு முறையும் நியாய மதிப்புக்கு, அதாவது இன்றைய சந்தை மதிப்புக்கு மாற்றி, ஏற்ற இறக்கத்தை நேராக லாப நட்டக் கணக்கில் கொண்டுபோகலாம். ஆனால் அதை இந்தியாவுக்கு எடுத்து வந்தபோது இண்ட் ஏஎஸ் 40 இரண்டாவது கதவைச் சாத்திவிட்டது. வாடகைக் கட்டிடம் அடக்க விலையில்தான் நிற்க வேண்டும். நியாய மதிப்பைக் குறிப்பில் சொல்லியே ஆக வேண்டும், அவ்வளவுதான். அந்த மதிப்பு பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் கொடுத்ததா இல்லையா என்பதையும் சொல்ல வேண்டும்.

விற்க வைத்திருக்கும் நிலத்துக்கு அந்த அளவு வாய்ப்புகூட இல்லை. அது கணக்கில் சரக்கு. அடக்கமா, விற்றால் கைக்கு வரும் தொகையா, எது குறைவோ அது. இருபது வருடம் முன்பு ஏக்கர் கணக்கில் வாங்கிப் போட்ட பில்டர்களின் பேலன்ஸ் ஷீட் ஏன் அவ்வளவு ஒல்லியாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

கம்பெனியே உட்கார்ந்திருக்கும் சொந்த அலுவலகம் மட்டும் விதிவிலக்கு. இண்ட் ஏஎஸ் 16 அதை மறுமதிப்பீடு செய்ய விடுகிறது. செய்யாதீர்கள் என்பதே என் யோசனை. ஏறிய தொகை மறுமதிப்பீட்டு இருப்பில் போய் உட்காரும். அதிலிருந்து டிவிடெண்ட் கொடுக்க முடியாது. சட்டம் சொல்லும் நிகர மதிப்பிலும் அது சேராது. தேய்மானம் மட்டும் கூடும், லாபம் மட்டும் குறையும். ஒரு முறை ஆரம்பித்தால் அந்த வகைச் சொத்து முழுவதையும் விடாமல் மதிப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கும் தலைவலி.

ஆக, புத்தகத்தில் எதைப் போடுவது என்பதில் நமக்குப் பெரிய தேர்வு இல்லை. உண்மையான தேர்வு அதற்கு அடுத்தது: நியாய மதிப்பைக் குறிப்பின் மூலையில் ஒரு வரியாகப் போட்டு முடித்துக்கொள்வதா, இல்லை, சொத்தும் கடனும் சேர்ந்த இரண்டாவது தாள் ஒன்றை ஒழுங்காகப் போட்டு, அதை வைத்து முடிவெடுப்பதா?

முழுக்க நியாய மதிப்புக்குப் போனவர்கள் கதை

இரண்டாவது கதவு திறந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் வோனோவியாவைப் பார்க்கலாம். 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை வைத்து வாடகைக்கு விடும் நிறுவனம். ஐரோப்பாவில் வட்டி ஏறியதும் சொத்து மதிப்பைக் குறைக்க வேண்டியதாயிற்று. 2023-ல் அந்தக் குறைப்பு மட்டும் 1,000 கோடி யூரோவைத் தாண்டியது. வருட நட்டம் ஏறத்தாழ 680 கோடி யூரோ. வீடுகள் ஏறக்குறைய முழுதாக வாடகைக்குப் போயிருந்தன. வாடகையும் வந்துகொண்டுதான் இருந்தது. தலைப்புச் செய்தியில் மட்டும் வரலாறு காணாத நட்டம்.

நம் கட்டிடத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம். வாடகை 8 கோடி. முந்தைய அறிக்கையில் மதிப்பீட்டாளர் 7.5% வருவாய் விகிதம் (கட்டிட விலையில் வருட வாடகை எத்தனை சதவீதம் என்பது) எடுத்திருந்தார், 8-ஐ 7.5 சதவீதத்தால் வகுத்தால் 106.7 கோடி. இந்த முறை 8% எடுத்தார், 100 கோடி. அரை சதவீதம்தான். கட்டிடத்தில் ஒரு செங்கல் விழவில்லை, ஒரு வாடகைதாரர் காலி செய்யவில்லை, 6.7 கோடி போய்விட்டது. வாடகையில் வட்டி போக மிஞ்சுவது 4.85 கோடி. நியாய மதிப்பு முறையில் லாப நட்டக் கணக்கு போட்டிருந்தால், நன்றாக ஓடிய ஒரு வருடம் கிட்டத்தட்ட 1.8 கோடி நட்டத்தில் முடிந்திருக்கும்.

இதைக் கேட்டதும் பெரியவர் முகத்தில் ஒரு வெற்றிப் புன்னகை. "அதான் சொன்னேன்." ஆனால் அவர் பக்கமும் ஓட்டை இருக்கிறது. அடக்க விலை வருடா வருடம் அரைக் கோடி தேய்மானம் கழித்து, இந்தக் கட்டிடம் தேய்ந்துகொண்டே வருகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அது நடக்காத ஒன்று என்பது ரோட்டில் போகிறவருக்கும் தெரியும். புத்தகப்படி கடன் சொத்தில் 86 சதவீதத்துக்கு மேல். இன்றைய மதிப்பில் 33 சதவீதம். குடும்பத்தில் ஒரு பங்காளி விலக வேண்டும் என்று நாளைக்குக் கேட்டால், அவருக்கு 7 கோடியில் பங்கு போட முடியுமா? கோர்ட்டில்தான் போய் நிற்கும்.

கடனுக்கும் இன்றைய விலை உண்டு

பெரும்பாலான விவாதங்களில் தவறிப்போகும் இடம் இதுதான், எங்கள் அறையிலும் தவறியது. கட்டிடத்தை 106.7-லிருந்து 100-க்குக் கொண்டுவந்தது எது? வட்டி ஏறியது. 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதத்தை 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி 6.5 சதவீதத்துக்குக் கொண்டுபோனதை நாம் எல்லாரும் மாதத் தவணையில் உணர்ந்தோம். அதே வட்டி நம் 45 கோடிக் கடன் பத்திரத்தை மட்டும் தொடாமலா போகும்?

இன்று இதே கம்பெனி புதிதாகப் பத்திரம் போட்டால் 9.5% கேட்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாம் கொடுப்பது 7%. அதாவது வருடத்துக்கு ஏறத்தாழ 1.12 கோடி மிச்சம். 5 வருட மிச்சத்தை 9.5 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 4.3 கோடி. வேறு மாதிரிச் சொன்னால், 45 கோடிக் கடனின் இன்றைய மதிப்பு 40.7 கோடிதான். மலிவு வட்டிக் கடன் என்பது கையில் இருக்கும் ஒரு சொத்து மாதிரி. அதைப் புத்தகத்தில் எங்கும் காணமுடியாது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கட்டிடத்தில் 6.7 கோடி போயிற்று, கடனில் 4.3 கோடி வந்தது. நிகர இழப்பு 2.4 கோடி. கட்டிடத்தை மட்டும் இன்றைய கண்ணாலும் கடனை நேற்றைய கண்ணாலும் பார்த்தால் இழப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்காகத் தெரியும். வட்டி இறங்கும் காலத்தில் இதே தவறு தலைகீழாக நடக்கும்: சொத்து ஏறிவிட்டது என்று குதிப்போம், நம் தலையில் இருப்பது அதிக வட்டிக் கடன் என்பது மறந்துபோகும்.

மாறும் வட்டிக் கடன் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. வாடகையைக் காட்டி வங்கியில் வாங்கும் எல்ஆர்டி கடன் அனேகமாக ரெப்போவையோ வங்கியின் சொந்த அடிப்படை வட்டியான எம்சிஎல்ஆரையோ ஒட்டி ஏறி இறங்கும். அதன் மதிப்பு எப்போதும் பாக்கித் தொகையை ஒட்டியே நிற்கும். அங்கே வலி மதிப்பில் தெரியாது, மாதா மாதம் வட்டியில் தெரியும்.

சரி, அப்படியென்றால் கடனைப் புத்தகத்திலேயே நியாய மதிப்பில் போட்டுவிடலாமா? இண்ட் ஏஎஸ் 109 குறுகலான ஒரு சந்து விட்டுவைத்திருக்கிறது. கடன் வாங்கும் அன்றே தேர்வு செய்ய வேண்டும், அதற்குக் குறிப்பிட்ட காரணமும் இருக்க வேண்டும். பின்னால் மனம் மாற முடியாது. நான் வேண்டாம் என்பேன். ஏனென்றால் கடனின் மதிப்பு குறைய இரண்டு காரணம் உண்டு. ஊரில் வட்டி ஏறுவது ஒன்று. நம் பெயர் கெடுவது இன்னொன்று. இவன் திருப்பிக் கொடுப்பானா என்று சந்தேகம் வந்தாலும் பத்திரம் விலை இறங்கும். உடனே கணக்கு, "கடன் குறைந்தது, லாபம்" என்று எழுதும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 2011-ன் மூன்றாம் காலாண்டில் மார்கன் ஸ்டான்லியின் கணக்கில் இப்படி ஏறிய வருமானம் 340 கோடி டாலர். அதன் கடன்மீது சந்தைக்கு நம்பிக்கை குறைந்ததால் வந்த வருமானம் அது. இப்போதைய விதி, நம் பெயர் கெட்டதால் வரும் பகுதியை லாபத்தில் சேர்க்காமல், அதற்கு வெளியே தனியாகக் காட்டும் இதர முழுமை வருமானத்தில் தள்ளச் சொல்கிறது. அபத்தம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

இரண்டாவது தாளில் கடனை மதிப்பிடும்போதும் இதை நினைவில் வைக்க வேண்டும். சந்தை வட்டி மாறியதால் வரும் வித்தியாசத்தை மட்டும் எடுங்கள். அந்த 4.3 கோடியும் கையில் வரும் ரொக்கம் இல்லை. கடைசி நாளில் 45 கோடி முழுதாகக் கொடுத்தே ஆக வேண்டும்.

வரி, வழிகாட்டி மதிப்பு, மதிப்பீட்டாளர்

90 கோடி என்று மகிழ்ந்துபோன தம்பி மகனை வரி கொஞ்சம் இறக்கிவிட்டது. 2024 ஜூலை 23 முதல் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5% வரி, இண்டெக்ஸேஷன் (பணவீக்கத்துக்கு ஏற்ப வாங்கிய விலையை ஏற்றிக் கணக்கிடுவது) கம்பெனிகளுக்குக் கிடையாது. சலுகை வரி விகிதத்தைத் தேர்ந்த கம்பெனிக்கு சர்சார்ஜ், செஸ் சேர்த்தால் 14.3% ஆகிறது. கட்டிட வாடகையை வீட்டுச்சொத்து வருமானமாகக் காட்டி, தேய்மானச் சலுகை எடுக்காமல் இருந்தால் ஆதாயம் 60 கோடி, வரி சுமார் 8.6 கோடி. நிலம் சரக்கு என்பதால் அதன் 15 கோடி லாபம் வியாபார வருமானம், 25.17% என்று 3.8 கோடி. ஆக 90 கோடி 77.6 கோடியாகிறது. கடன் பத்திரத்தின் மலிவைச் சேர்த்தால் 82-ஐ ஒட்டி. பங்காளிக்குப் பங்கு போடும்போது இந்த வரியைக் கழிக்காமல் 90-ஐ வைத்துக் கொடுத்துவிட்டு, பிறகு தலையில் கைவைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெரியவர் ஒரு குறுக்கு வழி சொன்னார். "எதுக்கு வேல்யூவர் செலவு? பத்திரப்பதிவு வழிகாட்டி மதிப்பைப் போட்டுவிடலாமே." போடக் கூடாது. தமிழ்நாட்டில் 2017 ஜூன் 9 அன்று வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள். பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதமாக ஏற்றினார்கள். 2023 ஜூலையில் மதிப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுபோய், கட்டணத்தை 2 சதவீதமாக்கினார்கள். அந்த ஜூன் 8 இரவு படுத்து 9 காலையில் எழுந்தவரின் மனை மூன்றில் ஒரு பங்கு மலிந்துவிட்டதா என்ன? வரி வசூலிக்கப் போட்ட கோடு அது. மனமொத்து வாங்குபவரும் விற்பவரும் கொடுத்து வாங்கும் விலைதான் நியாய மதிப்புக்கான தரநிலையான இண்ட் ஏஎஸ் 113 கேட்பது.

அதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். பங்கு என்றால் திரையில் விலை ஓடுகிறது. கட்டிடத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது. பக்கத்து மனை என்ன விலைக்குப் போயிற்று என்று பத்திரத்தைப் பார்த்தால், பத்திரத்தில் எழுதிய தொகையும் கைமாறிய தொகையும் ஒன்றா என்ற பழைய கேள்வி வந்து நிற்கும். நம் ஊரில் அந்தக் கேள்வி இருக்கும்வரை நியாய மதிப்பு லாபக் கணக்குக்குள் வராமல் இருப்பது நல்லதற்குத்தான் என்பது என் கட்சி. ஆகவே மதிப்பீட்டாளரிடம் ஒற்றை எண்ணைக் கேட்காதீர்கள். 7.5, 8, 8.5 என்று மூன்று விகிதத்துக்கும் கேளுங்கள். அதோடு, யார் யார் குத்தகை எப்போது முடிகிறது என்று அவர் பார்த்தாரா என்றும் கேளுங்கள். பாதி இடத்தை எடுத்திருக்கும் வாடகைதாரர் அடுத்த வருடம் காலி செய்வார் என்றால் 8 கோடியை வைத்து வகுப்பதில் அர்த்தமில்லை.

இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தவர்கள்

நடுவழி ஒன்று ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ரீட் எனப்படும் ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளைகளுக்கு, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2014-ல் விதிகள் போட்டது. 2019-ல் எம்பஸி ஆபீஸ் பார்க்ஸ் முதலாவதாகப் பட்டியலானது. இவர்களுடைய பேலன்ஸ் ஷீட் அடக்க விலையில்தான். ஆனால் கூடவே நியாய மதிப்பில் நிகர சொத்து அறிக்கையும் தர வேண்டும். வருடத்துக்கு ஒரு முழு மதிப்பீடு, அரையாண்டுக்கு ஒரு புதுப்பிப்பு. கடன் சொத்து மதிப்பில் 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் மதிப்பீட்டுத் தொகையை வைத்துத்தான். ஒரே மதிப்பீட்டாளரைத் தொடர்ந்து 4 வருடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளவும் முடியாது. பழகிப்போன மதிப்பீட்டாளர் பழகிப்போன எண்ணைத்தான் கொடுப்பார் என்பது செபிக்கும் தெரிந்திருக்கிறது.

ஐரோப்பாவில் எப்ரா என்ற ரியல் எஸ்டேட் நிறுவனங்களின் சங்கம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 2020 முதல் அவர்கள் நிகர மதிப்பை மூன்று விதமாகக் கேட்கிறார்கள். அதில் ஒன்று, நாளைக்கே கடையைக் கட்டினால் என்ன மிஞ்சும் என்று பார்ப்பது. அதில் மட்டும் கடனும் நியாய மதிப்பில், வரியும் முழுதாக. நாங்கள் கூட்ட அறையில் முட்டி மோதிக் கண்டுபிடித்ததை அவர்கள் எப்போதோ படிவமாகவே போட்டு வைத்திருக்கிறார்கள்.

எங்கள் முடிவும் இதை ஒட்டித்தான். புத்தகம் அடக்க விலையிலேயே நிற்கட்டும். வருடத்துக்கு ஒரு முறை இரண்டாவது தாள் வரட்டும்: கட்டிடம், நிலம், கடன், வரி நான்கும் ஒரே தேதியின் மதிப்பில். கூடுதல் வேலையும் அதிகமில்லை. கட்டிடத்தின் நியாய மதிப்பும் பத்திரத்தின் நியாய மதிப்பும் எப்படியும் குறிப்பில் போட வேண்டியவைதான். நிலத்தையும் வரியையும்தான் புதிதாகச் சேர்க்க வேண்டும். டிவிடெண்டுக்கு முதல் தாள். பங்காளி பிரிவதற்கும் புதுப் பங்குதாரர் வருவதற்கும் இரண்டாவது. எல்ஆர்டி தரும் வங்கி எப்படியும் வாடகையையும் தவணையையும்தான் முதலில் பார்க்கும். அவர்களுக்கு இரண்டையும் கொடுத்துவிடலாம்.

இரண்டு தாளும் சேர்ந்தும் சொல்லாத ஒன்று உண்டு. அமெரிக்காவில் ரவுஸ் என்ற ஷாப்பிங் மால் கம்பெனி 1970களிலேயே இப்படி அடக்கமும் நடப்பு மதிப்பும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஆண்டறிக்கை கொடுத்தது. 2004-ல் அதை வாங்கியது ஜெனரல் குரோத் பிராப்பர்டீஸ். அந்த ஜெனரல் குரோத் 2009 ஏப்ரலில் திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போனது; காட்டிய சொத்து 2,950 கோடி டாலர், கடன் 2,730 கோடி. சொத்து கடனைவிட அதிகம், மால்களும் ஓடிக்கொண்டிருந்தன. முதிர்ந்த கடனைப் புதுப்பிக்க அந்த நேரத்தில் ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் சிக்கல். அடுத்த வருட நவம்பரில் மீண்டு வந்தது. அதனால் எங்கள் இரண்டாவது தாளின் அடியில் ஒரு சின்னப் பட்டியல் சேர்த்தேன்: எந்தக் கடன், எந்த வருடம், எவ்வளவு.

அடுத்த கூட்டத்தில் ஒரே ஏ4 தாளில் எல்லாவற்றையும் அடித்துக் கொண்டுபோனேன். இடப்பக்கம் 7 கோடி, வலப்பக்கம் வரி போக 82 கோடி. தம்பி மகன் வலப்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் தாண்டி அடியில் இருந்த பட்டியலுக்குப் போனார். அதில் ஒரே ஒரு வரிதான்: ஐந்தாம் வருடம், 45 கோடி, ஒரே நாள். விரலை அங்கே வைத்து நிமிர்ந்து பார்த்தார்.

"இதுக்கு என்னப்பா ஏற்பாடு?"